பேசில் பரீட்சை

“இது பேசிலா, இல்ல அடுப்புக்கரியா?”

கண்ணாடிக்காரம்மா, துளசி மாதிரி வாசனையுள்ள அந்த இலைக்கட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளையவள் அடுப்பு மேடையோரம் நின்றிருந்தாள். நேற்று மாலை வாங்கும்போது கட்டு பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்ததில் பாதி இலை கறுத்துச் சுருண்டுவிட்டது.

‘ஒரு கட்டு பேசில் வாங்கி வை, மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று அந்த அம்மா போனில் சொன்னதுமே இவள் கடைக்கு ஓடினாள். ஏற்கெனவே மூன்று பேரிடம் பேசி மூன்றும் கைகூடவில்லை. இது அமைந்தால்தான் பிள்ளைகள் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும். கணவனும் காலையில் கிளம்பும்போது, இதையாவது கோட்டை விட்டுவிடாதே என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வாங்கும்போது என்ன பார்த்து வாங்கினாய் என்று கேட்டார் அந்த அம்மா. இருப்பதிலேயே பெரிய கட்டாகப் பார்த்து எடுத்ததாகச் சொன்னாள் இவள்.

நல்ல லட்சணம்! இலையில் புள்ளி இருக்கக் கூடாது, பூ விட்டிருந்தால் கிட்டவே போகக் கூடாது என்று ஆரம்பித்தார் அவர். வீட்டுக்கு வந்ததும் தண்டின் நுனியை வெட்டி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி மேஜையிலேயே வைக்க வேண்டுமாம். குளிர் பட்டால் அதற்கு ஆகவே ஆகாதாம். இவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

“சரி, தேறுற இலையை வெச்சு ஏதாவது செஞ்சு காட்டு.”

கொஞ்ச நேரத்தில் அடுப்பில் தக்காளி கொதித்துக்கொண்டிருந்தது. இவள் இலைகளைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினாள். கண்ணாடிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே அள்ளிக் கொதியில் போட்டாள். திறந்த கண்ணை அவர் மறுபடி மூடிக்கொண்டார். கையால் கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டியதை இப்படி வேகவிட்டால் வாசனை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், நமக்குச் சக்கைதான் மிஞ்சும் என்றார்.

ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார்.

“உப்பு போட்டியா?”

“போட்டேன்க்கா. ரெண்டு தடவை.”

அவர் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாவதும் போச்சு என்று மனசு அடித்துச் சொன்னது.

“கடைசியா ஒண்ணு கேக்கறேன். பேசில் கறுத்துப்போச்சே, அது யார் தப்பு?”

கடைக்காரன் தலையில் கட்டிவிடலாம். பழைய பிரிட்ஜ் என்று சொல்லிவிடலாம். இரண்டு பேரும் சாட்சி சொல்ல இங்கே வரப்போவதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனாலும் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை.

“என் தப்புதான்க்கா. தெரியாமப் பண்ணிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன்.”

“கத்துக்கவெல்லாம் வேண்டாம்” என்று சொல்லி, அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இளையவளின் முகம் வாடிப்போனது.

“இதுவரைக்கும் எட்டு வீட்டுல வேலை பாத்துட்டேன். எது கெட்டுப்போனாலும் சமையக்காரி தப்புன்னுதான் சொல்வாங்க. என் தப்புன்னு சொன்ன முதல் வீட்டுக்காரம்மா நீதான். திங்கட்கிழமையிலேருந்து உங்க வீட்டுக்குச் சமைக்க வரேன்மா, நீ மட்டும் அடுப்பு பக்கம் வராம இருந்தாப் போதும்.”