பெருமாயி சொன்ன வார்த்தை

கந்தம்மாள் துணிப்பொம்மையை மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

மல்லசமுத்திரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆயாக்கள் வேண்டும். வரப்போகும் வெள்ளைக்கார டாக்டரம்மாளுக்குத் தமிழ் வராது. அதனால் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாளான கந்தம்மாளிடம் நான்கு பெண்களை ஒப்படைத்து, வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நால்வருக்கும் எழுத்துத் தெரியாது.

வள்ளியாத்தாளுக்கு எதையும் கும்மி மெட்டில் பாடினால் ஒட்டிக்கொள்ளும். மாரக்காளுக்குக் கரும்பலகையில் படம் போட வேண்டும். பாவாயிக்கு உட்கார்ந்தால் ஒன்றும் ஏறாது. "வாட்டர்" என்றால் ஓடிப்போய்ச் செம்பில் மொண்டு வந்தால்தான் வார்த்தை நிற்கும்.

பெருமாயியிடம் எதுவும் பலிக்கவில்லை.

பாட்டு, படம், ஓட்டம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கேட்டால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பாள்.

விடிந்தால் டாக்டரம்மாள் வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். சொல்லத் தெரியாதவளுக்கு வேலை இல்லை. பெருமாயி ரோட்டுக்குக் கல் உடைக்கத்தான் போக வேண்டும். புருஷன் வீட்டில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கந்தம்மாளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இவளுக்காக அழுவதா, இவளை அடிப்பதா என்றிருந்தது.

குழந்தைக்குப் பதிலாகப் பாடத்துக்கு வைத்திருந்த அந்தப் பொம்மையை எடுத்துப் பெருமாயியின் கைகளில் திணித்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே? இதுக்காச்சும் இங்கிலீசுல பேரு சொல்லு."

பெருமாயி பொம்மையின் தலையை முழங்கை மடிப்பில் ஏந்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"டெட்" என்றாள்.

பிசிறில்லாத உச்சரிப்பு.

கந்தம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சொல்லிக்கொடுத்த அத்தனையையும் விட்டுவிட்டு, சொல்லிக்கொடுக்காத ஒன்றை எங்கே பிடித்து வந்தாய் என்று அதட்டினாள்.

பெருமாயி பயப்படவில்லை. ஒரு கேள்விக்காவது பதில் தெரிந்துவிட்ட தெம்பு அவள் முகத்தில் இருந்தது.

"போன ஆடியில, சேலத்து ஆஸ்பத்திரியிலங்க. என்ர கொழந்தையத் தூக்கிப் பாத்துட்டு தொரசானி டாக்டரம்மா நர்சம்மாகிட்ட அப்படித்தானுங்க சொன்னாங்க. கொழந்தைக்கு இங்கிலீசுல அதுதானுங்களே?"

வள்ளியாத்தாள் "பேபி" என்று திருத்த வாயெடுத்தாள்.

கந்தம்மாள் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.