ஒரு புள்ளி குறைய

அளவைக் கொண்டே ஒரு வடிவத்தின் ஓட்டைகளை எண்ணிவிடலாம் என்று கல்லூரிக் கணித ஆசிரியர்கள் கோமளாவும் ஜெபராஜும் ஆறு வருடமாகச் சேர்ந்து எழுதிய நிரூபணம், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் மசியாமல் நின்றது. ஜெபராஜ் அளவைக் கணிதத்தின் ஆள். புள்ளிக்குப் பரப்பு கிடையாது, அதனால் அவருக்கு அது ஒரு குறையே இல்லை. கோமளா வடிவக் கணிதத்தின் ஆள்; அங்கே ஒரு புள்ளி போனாலே வடிவம் வேறு.

"அதை விட்டுட்டு நாளைக்கே பத்திரிகைக்கு அனுப்பிடலாம் மேடம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒரு புள்ளியை எடுத்தா உங்க பந்து விரிஞ்சு பாயாயிடும் சார். போட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்."

அவர் சிரித்தார். கோமளா மகளுக்கு வாங்கிய ரப்பர் பந்தைப் பையிலிருந்து எடுத்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒரு குத்து குத்தினாள்.

"எவ்வளவு பரப்பு போச்சு?"

"ஒண்ணும் போகல."

அவள் பந்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினாள். கன்னத்தில் காற்று சீறியது. ஆறு வருடமும் அதோடு போவது அவருக்குப் புரிந்தது. சட்டென்று கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தார்.

"அப்படியே பிடிச்சிருங்க" என்ற கோமளா, பலகையை முழுக்க அழித்துவிட்டு, நடுவில் அந்தப் புள்ளியை வைத்து அங்கிருந்து எழுத ஆரம்பித்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. ஜெபராஜ் விரலை எடுக்கவில்லை. ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் ஒதுக்கிய இடம் விரலுக்கடியில் குறுகுறுத்தது. நன்றாகத்தான் இருந்தது.