சொல்லிக்கொண்டு போனவள்

அம்மா வீட்டுக்குப் போன் பேசினாள் என்று புருசன் கிருபாசங்கர் லோகப்பிரியாவின் இடது மணிக்கட்டை முறித்தான். அவள் வலது கையால் குழவிக்கல்லை எடுத்து அவன் மண்டையில் அடித்தாள். மூன்றாவது அடியில் மூச்சு நின்றது. பையை எடுத்தாள். பன்னிரண்டு வருசப் பழக்கத்தில் வாசலில் வாய் தானாகச் சொன்னது: "போயிட்டு வாரேனுங்க."

சூலூரில் திருப்பூர் பஸ் ஏறினாள். திருப்பூரில் இறங்கி வைத்த கால், சொந்த வீட்டு வாசல்படியில் பட்டது. உள்ளே அவன் அப்படியே கிடந்தான். ரத்தம் காயவில்லை.

மறுபடியும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கோயமுத்தூரில் இறங்கினாள். அதே வாசல்படி.

அப்போதுதான் அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, "போறேன்" என்றாள்.

தரையிலிருந்து அவன் பொறுமையாகத் திருத்தினான்: "போறேன்னு சொல்லக்கூடாது அம்மணி. போயிட்டு வாரேன்னு சொல்லு."