வில்லை கழற்றிய மறுநாள்

நிலானி கண் விழித்தபோது வயிற்றுக்குள் யாரோ மெதுவாக ஊஞ்சல் ஆடுவதுபோல் இருந்தது. கை தானாகத் தோளைத் தடவியது. மாவுச்சத்து வில்லை ஒட்டியிருந்த இடத்தில் வெளுத்த வட்டம் மட்டும்தான் மிச்சம்.

ஏழு வயதில் கபடி விடுதியில் சேர்ந்த அன்று ஒட்டிய வில்லை அது. இருபது வருடங்களாக, ஆட்டம் முடிந்ததும் அணியே வரிசையாகப் படுத்துவிடும். தூக்கத்தில் வில்லை இரத்தத்துக்குள் இனிப்பாய்க் கசியும். விழித்தால் புதுக் கால்கள் முளைத்ததுபோல் இருக்கும். சாப்பாட்டுப் பேச்சே கிடையாது. நேற்று அவளுடைய கடைசி ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அதை உரித்தெடுத்துவிட்டார்.

"ஏங்க, எனக்கு என்னமோ பண்ணுது. டாக்டர்ட்ட போவமா?"

அடுப்படியிலிருந்து கணவன் இசக்கிராஜ் ஓடிவந்தான். அவள் தொட்டுக்காட்டிய வயிற்றைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏட்டி, அது பசி."

தனக்கென்று வடித்த சோற்றை அவள் முன்னால் வைத்து ரசம் ஊற்றினான். ஆவி முகத்தில் பட, மேகத்தைத் தின்பவளைப்போல அவள் தின்றாள். பாதியில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எப்ப நிறுத்தணும்னு எனக்கு யாருங்க சொல்லுவா?"

"அத நான் எப்படிச் சொல்ல? நீ சாப்பிடு" என்று மறுசோறு வைத்தான். மூன்றாம் முறை கரண்டியோடு குனிந்தபோது, கபடி பாடி வருபவளை மறிப்பதுபோல் அவள் இடக்கை தட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது.

அந்தக் கையை அவளே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.