துக்கம் விசாரிக்க வந்தவன்

சர்க்கா நகரத்தில், துக்கத்துக்குப் போட்ட கூடாரத்தினுள் மாலை வெயில் மஞ்சளாக விழுகிறது. வேலை போய்ப் பத்து மாதமான நிதால், கசப்புக் காப்பியை ஒரே வாயில் விழுங்கிவிட்டு வரிசையில் நகர்கிறான். அப்பாவைப் பறிகொடுத்து நிற்கும் கஸ்ஸான் அவனுடைய கல்லூரித் தோழன். இப்போது பெரிய கட்டுமான நிறுவனத்தில் மேலாளர். ஆறு வருடமாக நிதால் அவனைக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை. "நம்ம செட்டுல நீ ஒருத்தன்தான்டா வந்திருக்கே," என்று கஸ்ஸான் அவனை இறுகக் கட்டிக்கொள்கிறான். இரண்டு மார்புக்கும் நடுவே, நிதாலின் சட்டைப்பையில் மடித்திருக்கும் வேலை விண்ணப்பம் சரசரக்கிறது. கஸ்ஸானின் பிடி தளர்கிறது. அழுத கண்ணோடு கையை நீட்டுகிறான். "குடு." "இல்லடா, இது வந்து..." "குடு நிதால். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." நிதால் எடுத்துக் கொடுக்கிறான். தெருமுனை வரை நடந்த பிறகுதான், இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தான் விசாரிக்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கிறது.