ஆந்தைக்கண்ணனின் மனு

"அந்த ஆந்தைக்கண்ணனை மட்டும் உள்ள விடவே கூடாதுண்ணே! மத்த பத்துப் பேரும் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

தையல்காரி கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். மறுமுனையில் மருந்துக்கடைக்காரர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் 'இது என்ன பாம்பு?' என்ற இணையக் குழுவை ஐந்து வருடமாகச் சேர்ந்துதான் கட்டி மேய்க்கிறார்கள். யாராவது படம் போட்டால், அது விஷப்பாம்பா இல்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். குழுவுக்கு இன்று பிறந்தநாள். 'ஆந்தைக்கண்ணன்' என்ற புனைபெயரில் இருந்தவன் உட்பட, வெளியேற்றப்பட்ட பதினோரு பேருக்கும் மன்னிப்புக் கொடுக்கலாமா என்பதுதான் பஞ்சாயத்து.

"பாவம்மா. அவன் யாரையும் தப்பா ஒரு வார்த்தை பேசலையே?"

"பேசல. ஆனா எவர் படம் போட்டாலும் அதுல ஒரு பாம்பைக் கண்டுபிடிச்சிருவான். பெல்ட்டைப் பாம்புன்னான். செடிக்குத் தண்ணி விடற குழாயைப் பாம்புன்னான். அதைப் படிச்சு நாற்காலியிலேருந்து குதிச்சு ஒரு டீச்சரம்மா காலை ஒடிச்சுக்கிட்டாங்களே, மறந்துட்டீங்களா?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்குப் பாம்பு, அவ்வளவுதான்" என்று சிரித்தார் அவர்.

வெளியேற்றப்பட்டவர்கள் குழுவில் நடப்பதையெல்லாம் பார்க்கலாம்; வாய் திறக்க முடியாது. மனு மட்டும் அனுப்பலாம். அதிலும் முதல் வரிதான் வெளியே தெரியும். முழுதாகத் திறந்தால் கூட வைத்த படமும் சேர்ந்து திறந்துகொள்ளும். அதனாலேயே படம் வைத்த மனுக்களை அவர்கள் திறப்பதில்லை. முன்பு ஒருவன் ஆத்திரத்தில் அனுப்பிய கண்றாவியைப் பார்த்துவிட்டு அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆந்தைக்கண்ணனின் மனு காலையிலேயே வந்திருந்தது. படத்தோடு.

"அக்கா, பழசையெல்லாம் மன்னிச்சிடுங்க, ஒரே ஒரு தடவை..." என்று முதல் வரியை வாசித்துக் காட்டினாள்.

"பணிவாத்தானே கேட்கறான்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கைப்பேசி ஒலித்தது. இரண்டாவது மனு. இதிலும் படம்.

"அக்கா, முதல்ல படத்தைத் திறங்க, உடனே திறங்க..."

"பார்த்தீங்களா? மிரட்டறான்" என்றாள்.

"அவசரக்குடுக்கையா இருப்பான்மா. விடு."

மீண்டும் ஒலி. மூன்றாவது மனு, அதுவும் படத்தோடு. முதல் வரியைப் பார்த்ததும் கைப்பேசியை வெடுக்கென்று கையில் எடுத்தாள்.

"உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா? அவளை..."

"அண்ணே..." என்று மெதுவாக வாசித்தாள்.

மருந்துக்கடைக்காரரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "உனக்குப் பொண்ணு இருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதாண்ணே எனக்கும் புரியல!"

பாம்பென்றால் படையும் நடுங்கும். தினமும் நூறு பாம்புப் படம் பார்த்து அந்த நடுக்கமெல்லாம் விட்டுப்போனவள், முகம் தெரியாத ஒரு மனிதனுக்கு இப்போது வெடவெடவென்று நடுங்கினாள். கணவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார். வீட்டில் அவளும், ஏழு வயது மகளும்தான்.

"கதவெல்லாம் சாத்தியிருக்கா பாரும்மா. முதல்ல குழந்தையைப் பத்திரப்படுத்து. நான் லைன்லயே இருக்கேன்."

ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள். மெஷினுக்குக் கீழே துண்டுத் துணிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"கண்ணு, உன் ரூமுக்குப் போ. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்க. அம்மா கூப்பிடற வரைக்கும் மூச்சு காட்டக் கூடாது."

"ஒளிஞ்சு விளையாட்டாம்மா?"

"ஆமாண்டி தங்கம். ஓடு!"

மகள் குதூகலமாக ஓடினாள். அவள் பின்னாலேயே போய் அறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். எவன் வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்படி நினைத்த பிறகுதான் மூச்சே வந்தது.

"உள்ள வெச்சுப் பூட்டிட்டேண்ணே."

"நல்ல காரியம் பண்ணினே. இனி இவனைச் சும்மா விடக்கூடாது. போலீசுக்குப் போகணும். முழு மனுவும் வேணும். வழக்கத்தையெல்லாம் ஓரமா வெச்சிட்டு அதைத் திறம்மா."

"பயமா இருக்குண்ணே."

"நான் இருக்கேன்ல? திற."

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

கண்றாவி எதுவும் இல்லை. 'பாம்பு அண்டாத வீடு இப்படி இருக்க வேண்டும். இது என் மகளின் அறை' என்று எழுதி, இன்று காலை அவளே பெருமையாகக் குழுவில் போட்டிருந்த படம்தான் அது. கட்டிலுக்கு அடியில், இருட்டோடு இருட்டாகச் சுருண்டு கிடந்ததைச் சுற்றி ஆந்தைக்கண்ணன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். அதன் தலையும் இரண்டு கண்களும் தெளிவாகத் தெரிந்தன.