உள்தாழ்ப்பாள்

"மாப்ளே, இது வண்டிக்குள்ள வீடா, வீட்டுக்குள்ள வண்டியா?" என்று கேட்டான் அருள்பாண்டி. வேனுக்குக் கடைசி வெல்டிங் வைத்து முடித்தவன் அவன்தான்.

"கேம்பர் வேன்னு சொல்லு. வாயில வராட்டி சும்மா இரு" என்றான் நிலவன்.

போன மாதம் வரை அது தோட்டத்துப் பெண்களை ஏற்றிப்போன வேன். தினமும் காலையில் போடியில் இருபது பேரை அடைத்துக்கொண்டு, மலைமேல் போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி அள்ளிக்கொண்டு வரும். நிலவனுக்கு அந்தப் பிழைப்பு கசந்துவிட்டது. யாரோ ஒரு தம்பதி வேனிலேயே குடியிருந்து இந்தியா முழுக்கச் சுற்றுகிற வீடியோக்களை மூன்று நாள் சோறு தண்ணி மறந்து பார்த்தான். நான்காம் நாள் சீட்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

இப்போது உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, கலர் விளக்கு, மூலையில் ஆள் உயரப் பெட்டியாக ஒரு கக்கூஸ், எல்லாம் இருந்தன. பின்கண்ணாடியில் 'காற்றின் காதலன்' என்று எழுதி வைத்திருந்தான். தங்குவதற்கு ஆள்தான் இல்லை. விளம்பரம் போட்டுப் பதினெட்டு நாளாகியும் ஒருவரும் சீண்டவில்லை.

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன் மாப்ளே. ஆள் வரலைன்னா பழையபடி சீட்டைப் போட்டுத் தோட்டத்துக்கே ஓட்டணும். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

முதல் சிரிப்பு அப்போதே வந்தது. காய் எடுக்கப் போகும் பெண்களுக்குத் தலைவி மாதிரியான குருவம்மாள் அருள்பாண்டியின் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பு, எங்களை எறக்கிவிட்டுட்டுக் கட்டிலை ஏத்திப்புட்டியா? இருவது பேரு போன வண்டியில இனிமே ரெண்டு பேரு படுத்துக்கிட்டுப் போவாகளாக்கும்?"

"அக்கா, இதெல்லாம் ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"புரியலதேன். வீட்டைப் பூட்டிட்டு வந்து ரோட்டுல படுக்கிறதுக்குக் காசு குடுக்கிறவகளை நாங்க எங்க கண்டோம்?"

குருவம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். மூலையில் இருப்பது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அடக் கருமமே" என்று அதற்கும் சிரித்தாள். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று படியில் ஒரு காலை வைத்தாள்.

நிலவன் குறுக்கே கையை நீட்டினான். "ஏறாதக்கா. கார்ப்பெட்டு போட்டிருக்கேன். ஒங்க தோட்டத்துச் சகதி ஒட்டுனா அம்புட்டுத்தேன்."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். "சரிப்பு, எனக்கும் சோலி கெடக்கு" என்று போய்விட்டாள்.

மறுநாள் மதியம் நிலவன் செல்போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடி வந்தான்.

"மாப்ளே, புக்கிங். பத்து நாளு. தமிழ்செல்வின்னு ஒரு மேடம்."

அருள்பாண்டி செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தான். 'பகலில் மட்டும் போதும். போடிமெட்டு தாண்டித் தோட்டத்து கேட் அருகில் நிறுத்த வேண்டும். எங்கும் ஓட்ட வேண்டாம். கழிப்பறை சுத்தமாக இருக்குமா? தண்ணீர் தீராமல் வருமா? உள்தாழ்ப்பாள் உறுதியானதா?'

"என்ன மாப்ளே, கட்டிலைப் பத்திக் கேக்கல, அடுப்பைப் பத்திக் கேக்கல. ஊரு சுத்த வர்றவுகளுக்கு இதுவா கவலை?"

"மெட்ராஸ்காரவுக மாப்ளே. அவுகளுக்கு எதுன்னாலும் பாத்ரூம்லதேன் ஆரம்பிக்கும்."

"வண்டியை ஓட்டவே வேணாங்கிறாகளே?"

"தியானம் பண்றவுகளா இருக்கும். ஏலக்காய் வாசத்துல ஒக்காந்து பொஸ்தகம் எழுதுறவுகளாக்கூட இருக்கும். நீ வெரசா ஒரு நல்ல தாழ்ப்பாளா மாத்திக் குடு."

சாயங்காலமே பத்து நாள் வாடகையும் மொத்தமாக வந்து விழுந்தது. நிலவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மெட்ராஸ் மேடம் வரும் செய்தியை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தொடங்கி, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்தான். வாசனைத் தெளிப்பான் வாங்கினான். பிளாஸ்டிக் ரோஜாவோடு ஒரு பூச்சாடியும் வாங்கினான்.

திங்கட்கிழமை காலையில் பூச்சாடி சாய்ந்துவிடாதபடி கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டுவண்டி வேகத்தில் ஏறி, எட்டு மணிக்குத் தோட்டத்து கேட்டில் வண்டியை நிறுத்தினான். அங்கே காய் எடுக்கும் பெண்கள் முப்பது பேர் கூடையும் கையுமாகக் கூடி நின்றார்கள். முன்னால் குருவம்மாள்.

"அக்கா, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. மேடம் வர்ற நேரம். இந்தக் கூட்டத்தைப் பாத்தா அவுகளுக்கு மூடே போயிரும்."

"எந்த மேடம்ப்பு?"

"தமிழ்செல்வி மேடம்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த ஒல்லியான ஒருத்தி முன்னால் வந்தாள்.

"நாந்தேண்ணே தமிழ்செல்வி. எம் மக காலேசுல படிக்கிறா, அவதேன் டைப் அடிச்சுக் குடுத்தா. தீபாவளிச் சீட்டை ஒடைச்சு எல்லாருமாச் சேந்து பணத்தைப் போட்டுவிட்டோம்."

நிலவன் செல்போனை எடுத்து அந்தப் பெயரை மறுபடி பார்த்தான். "நீங்களா? வேலை நாளுல, வண்டியையும் நகட்டாம, அப்படி எங்கதேன் போகப் போறீக?"

அதற்குள் வண்டிக்குப் பின்னால் பெண்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். குருவம்மாள் கூடையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

"எங்கிட்டும் போகலப்பு. பன்னெண்டு வருசமா இந்த மலையில அட்டைக்கும் பாம்புக்கும் ஆம்பளைக கண்ணுக்கும் பயந்து செடிக்குள்ளதேன் ஒதுங்குறோம். பத்து நாளைக்காவது கதவைச் சாத்திக்கிட்டு இருந்துட்டு வர்றோம், நீ செத்த அங்கிட்டுத் திரும்பி நில்லு."